மூன்றாவது இலக்கம்

கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் பவர் சப்ளையைப் பற்றிக் கடைசியாகத்தான் யோசிக்கிறார்கள், மேடம். அது தவறு. எந்த ப்ராசசர், எந்த மதர்போர்டு என்று மாதக்கணக்கில் அலசுவார்கள். அத்தனைக்கும் மின்சாரம் கொடுக்கப்போகிற பெட்டி மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது எதுவோ அதுதான். பன்னிரண்டு வருடமாக இதை நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்டவர்கள் யாரும் கெட்டுப்போனதில்லை.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். என் பெயர் அறிவுச்செல்வன். வயது நாற்பத்து மூன்று. ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் லேப் என் பொறுப்பு. வீடு அடி அண்ணாமலையில். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் வாசலைவிட்டு வண்டியை எடுக்க முடியாது. மற்ற நாட்களில் தொந்தரவு கிடையாது. தனியாகத்தான் இருக்கிறேன். ஆறு வருடத்துக்கு முன்பு டெலிகிராமில் 'அருணை பிசி குழு' என்று ஒன்று தொடங்கினேன். பதினோரு பேரோடு ஆரம்பித்தது, இப்போது அறுநூற்று நாற்பது பேர்.

குழுவில் நீலக் கட்சி, சிவப்புக் கட்சி என்று இரண்டு உண்டு. ப்ராசசர் செய்கிற பெரிய கம்பெனிகள் இரண்டின் நிறத்தை வைத்து வந்த பெயர்கள். காலையில் ஒருவன் ஒரு படத்தைப் போட்டுவிட்டால் போதும், சாயங்காலம்வரை அடித்துக்கொள்வார்கள். எது சூடாகிறது, எது கரண்ட் ஜாஸ்தி இழுக்கிறது, எந்த மதர்போர்டில் எந்த ப்ராசசர் உட்காரும் என்று ஓயவே ஓயாது. முற்றிப்போனால் கடைசியில் 'அட்மின் அண்ணா சொல்லட்டும்' என்பார்கள். நான் சொல்வேன். அதோடு முடிந்துவிடும். என் வாழ்க்கையில் அப்படி என் வாயைப் பார்த்துக்கொண்டு யாரும் காத்திருந்ததில்லை. அதனால் எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் எழுதமாட்டேன்.

ஒரே ஒரு தடவை சரிபார்க்காமல் எழுதினேன். போன ஆடி மாதம். ஓவியா என்று செங்கத்துப் பெண் ஒருத்தி, ஒரு லேப்டாப் படத்தைப் போட்டு வாங்கலாமா என்று கேட்டாள். ப்ராசசரின் எண் ஏழில் ஆரம்பித்தது. புதிய தலைமுறை, தைரியமாக வாங்கும்மா என்று எழுதினேன். இரண்டு நிமிடத்தில் கீழ்பென்னாத்தூர் தருமன் பதில் போட்டான். என்னைவிடப் பதினாலு வயது சின்னவன், அதனால் 'அவன்' என்றே சொல்கிறேன்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வரிசைல முதல் நம்பர் விக்கிற வருஷம் மட்டும்தான். மூணாவது நம்பரப் பாருங்க, அதான் உள்ள இருக்கிற டிசைன். இது நாலு வருஷம் பழசுண்ணா. பேருதான் புதுசு."

கூடவே ஒரு அட்டவணையும் போட்டிருந்தான். அவன் சொன்னது சரி. நான் அன்றைக்கும் மறுக்கவில்லை. 'நன்றி தம்பி' என்று எழுதினேன். அதற்குக் கீழே ஐம்பத்து மூன்று பேர் சிரித்திருந்தார்கள்.

மறுநாள் குழுவில் ஒரு புதிய ஆள் சேர்ந்தான். பெயர் 'தூசி'. படம் கிடையாது, ஊர் கிடையாது. அவன் எழுதிய முதல் வரியே 'மூணாம் நம்பர் அண்ணனுக்கு வணக்கம்'. அன்றிலிருந்து நான் எதை எழுதினாலும் கீழே வந்து நிற்பான். 'மூணாம் நம்பர் சொல்லிட்டாரு, குறிச்சிக்கோங்க.' மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். கார்த்திகை வருவதற்குள் என் மாணவன் ஒருவன் லேப்புக்கு வெளியே நின்று மெல்லிய குரலில் அதையே சொன்னான்.

அவனை நீக்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நீக்கினால் நான் பயந்துவிட்டேன் என்றாகும். மேலும், நீக்கிவிட்டால் அவன் யாரென்று கண்டுபிடிக்க முடியாது.

நான் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். நீங்கள் என் வீட்டிலிருந்து எடுத்துவந்திருக்கிறீர்களே, அதுதான். தூசி எத்தனை மணிக்கு எழுதுகிறான், எந்தச் சொல்லை எப்படி எழுதுகிறான், எல்லாம் அதில் இருக்கிறது. 'ப்ராசஸ்ஸர்' என்று ஒரு 'ஸ்' கூட்டி எழுதுவான். தருமனும் அப்படித்தான் எழுதுவான். கீழ்பென்னாத்தூரில் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்திய இரண்டு நாட்களிலும் தூசி பகல் முழுக்க வாயைத் திறக்கவில்லை. தூசி ஒரு மதர்போர்டைப் படம் எடுத்துப் போட்டபோது ஓரத்தில் மஞ்சள் துணி ஒன்று தெரிந்தது.

அந்தத் துணியைப் பார்க்கத்தான் தை மாதம் தருமன் வீட்டுக்குப் போனேன். அந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தேன் என்று சொன்னேன். அவன் அப்படியே பூரித்துப்போனான். அவன் மேசையையும் கம்ப்யூட்டரையும் காட்டினான். யூபிஎஸ்ஸை இழுத்து, மூடியைக் கழற்றி பேட்டரியையும் காட்டினான். மானிட்டர் மேல் மஞ்சள் துணி கிடந்தது. எல்லாக் கடையிலும் விற்கிற துணிதான். இருந்தாலும் கிடந்தது.

அங்கேதான் அவன் அம்மா பச்சையம்மாளைப் பார்த்தேன். நுரையீரல் கெட்டுப்போய் இரண்டு வருடம். மூக்கில் குழாய், பக்கத்தில் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மெஷின். இரவும் பகலும் ஓடவேண்டும். பேச்சு இரண்டிரண்டு வார்த்தையாகத்தான் வந்தது.

"நீதானாப்பா அது," என்றார். "எம்பையன் ஒன்னப் பத்தியேதான் பேசுவான். கரண்ட்டு விஷயத்துல அண்ணன் சொன்னா அப்பீலே இல்லம்பான். வேர்க்கடல வேவிச்சது இருக்குது. சாப்டுட்டுப் போ."

சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. தருமன் சிரித்துக்கொண்டு நின்றான். அந்தச் சிரிப்பைத்தான் நான் கவனித்தேன். அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறான் என்று பட்டது. முகத்துக்கு நேரே இவ்வளவு மரியாதை காட்டுகிறவன் முதுகுக்குப் பின்னால் ஏதோ செய்கிறான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் நோட்டில் தருமன் பெயருக்கு எதிரே 'உறுதி' என்று எழுதினேன்.

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை அவன் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினான். வியாழக்கிழமை காலை ஒன்பது முதல் மாலை ஐந்துவரை மின்தடை என்று பேப்பரில் வந்திருந்தது. அவன் வீட்டில் இன்வெர்ட்டர் இல்லை. அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருந்தது. வழக்கமாக அதைத் திருவண்ணாமலைக்குக் கொண்டுவந்து நிரப்பி, அன்றைக்கு லீவும் போட்டுவிடுவான். வேங்கிக்காலில் அவன் வேலை செய்கிற ஆபீசில் இந்தத் தடவை வேலை ஜாஸ்தி. எங்கள் உரையாடல் உங்களிடம் இருக்கிறது. இருந்தாலும் என் வாயால் சொல்கிறேன்.

"அண்ணா, என்னோட யூபிஎஸ் ஆயிரம் விஏ. அம்மா மெஷின் முந்நூத்தி அம்பது வாட்டு. தாங்குமாண்ணா?"

"தாராளமா தாங்கும்."

"எவ்ளோ நேரம் வரும்ணா?"

"பேட்டரி புதுசா?"

"ஆறு மாசம்தான் ஆவுதுண்ணா."

"அப்ப என்ன கவலை."

"சிலிண்டர் நெரப்ப வேணாங்களா? லீவு போடட்டுமா?"

"உங்க இஷ்டம் தம்பி. நானா இருந்தா அலைய மாட்டேன்."

இரண்டு கையையும் கூப்புகிற படத்தை அனுப்பினான். 'நீங்க சொன்னா போதும்ணா' என்று எழுதினான். ப்ராசசரைப் பற்றி அவனுக்குத் தெரியாதது கிடையாது. மின்சாரம் அவனுக்குத் தெரியாது. அதைக் குழுவிலேயே பலதடவை ஒத்துக்கொண்டிருக்கிறான். 'அப்ப என்ன கவலை' என்று நான் எழுதிக்கொண்டிருந்தபோதே மனதுக்குள் கணக்கு முடிந்துவிட்டது. அந்தப் பெட்டிக்குள் என்ன பேட்டரி இருக்கிறது என்று தை மாதமே பார்த்திருந்தேன்.

வியாழக்கிழமை சொன்ன நேரத்துக்கு மின்சாரம் போனது. பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் துணைக்கு இருந்தார். யூபிஎஸ் விட்டுவிட்டுக் கத்த ஆரம்பித்ததும் தருமனுக்கு போன் செய்திருக்கிறார். ஒன்பது ஏழுக்கு அவன் எனக்கு எழுதினான். 'அண்ணா, யூபிஎஸ் சத்தம் போடுதாம். எதனா பண்ணணுமா?'

அப்போது லேப்பில் இருந்தேன். ஒன்பது எட்டுக்குப் பதில் போட்டேன். 'சத்தம் வந்தா பேட்டரில ஓடுதுன்னு அர்த்தம். பயப்படாதீங்க.'

இது எந்தக் கையேட்டைப் பிரித்தாலும் இருக்கிற விஷயம்.

அதற்குப் பிறகு முதலாமாண்டுப் பையன்களுக்கு அம்மீட்டர் இணைக்கக் காட்டிக்கொடுத்தேன். ஒன்பது பதினேழுக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு ஒருவன் வயரை மாற்றி முடுக்கியிருந்தான், அதைச் சரிசெய்தேன். கீழ்பென்னாத்தூரில் சத்தம் நின்றதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று ஜோதியம்மாள் நினைத்திருக்கிறார். பின்கட்டில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாராம். மெஷினும் சேர்ந்து நின்றதை உள்ளே வந்துதான் பார்த்திருக்கிறார். தருமன் வேங்கிக்காலிலிருந்து வண்டியில் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பதினொரு மணிக்குக் குழுவில் செய்தி வந்தது. திருமலை போட்டிருந்தான், அவன் எங்கள் இன்னொரு அட்மின். நான் இரங்கல் எழுதினேன். குழுவின் முகப்புப் படத்தை மாற்றி விளக்கு ஒன்று வைத்தேன். எல்லோரும் கைகூப்பினார்கள். பதினொன்று இருபதுக்கு தூசி வந்தான். பழைய செய்திகளைப் படித்திருக்கமாட்டான் போலிருக்கிறது. ஒரு மதர்போர்டின் பெயரில் கடைசி எழுத்து எதைக் குறிக்கிறது என்ற சண்டையை எடுத்து, 'மூணாம் நம்பர் அண்ணன் எங்க, வந்து தீர்ப்பு சொல்லட்டும்' என்று எழுதினான்.

அந்த நேரத்தில் தருமன் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அங்கிருந்தவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

அந்த வரியை நான்கைந்து தடவை படித்தேன். நோட்டை எடுத்து, 'உறுதி' என்று எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தேன். தப்பு என்று தெரிந்தால் அடித்துவிடுவது என் வழக்கம்.

சாவுக்குப் போனேன். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. தருமன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "நீங்க கரெக்டாதாண்ணா சொன்னீங்க. மெஷின்லதான் என்னமோ கோளாறு. அத வித்தவன நான் விடமாட்டேன்," என்றான். நான் அவன் தோளைத் தட்டினேன். வேறு என்ன செய்வது.

அவன் கொடுத்த புகாரால்தான் நீங்கள் வந்தீர்கள். மெஷினைச் சோதித்தார்கள், ஒரு குறையும் இல்லை. யூபிஎஸ்ஸைச் சோதித்தார்கள், அதிலும் குறையில்லை. பிறகு, இதெல்லாம் தெரிந்த ஆள் யார் என்று விசாரித்து என்னைக் கூப்பிட்டீர்கள். சாட்சியாகத்தான் கூப்பிட்டீர்கள். நாற்காலி போட்டு உட்காரவைத்து மரியாதையாகக் கேட்டீர்கள்.

"சார், இந்த பேட்டரில அந்த மெஷின் எவ்ளோ நேரம் ஓடும்?"

"பதினேழு நிமிஷம்," என்றேன்.

காகிதம்கூடக் கேட்கவில்லை நான். ஆய்வு அறிக்கையைப் பார்த்தீர்கள். அதிலும் பதினேழுதான் இருந்தது. அறிக்கையை மூடி வைத்தீர்கள். அப்புறம், "இது அன்னிக்கே தெரியுமா சார் உங்களுக்கு?" என்று கேட்டீர்கள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லியிருந்தால் நான் இந்நேரம் வீட்டில் இருந்திருப்பேன். ஆனால் மேடம், இவ்வளவு சின்னக் கணக்கு எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? அதுவும் ஸ்டேஷன் ரைட்டர் வேறு எழுதிக்கொண்டிருக்கும்போது?

ஆமாம், தெரியும். எட்டு மணி நேரத்துக்கு மின்சாரம் வராது என்று தெரியும், பதினேழு நிமிடத்தில் மெஷின் நிற்கும் என்று தெரியும், சிலிண்டர் காலி என்று தெரியும், அந்தம்மா அது இல்லாமல் தாங்கமாட்டார் என்பதை வீட்டில் உட்கார்ந்து கண்ணால் பார்த்திருக்கிறேன். எவ்வளவு நேரம் வரும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுத வேண்டாம் என்று முடிவுசெய்தேன். ஒன்பது எட்டுக்கு இன்னொரு தடவை முடிவுசெய்தேன். அப்போது ஒன்பது நிமிடம் மீதி இருந்தது.

கோபத்தில் செய்தேனா என்று கேட்டீர்கள். இல்லை. எனக்குக் கோபம் வராது. அந்த அம்மாமேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. தருமன் ஒருநாள் என்னிடம் வந்து, நான் தெரியாமல் பேசிவிட்டேன் என்று நிற்கவேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன்.

தூசி யாரென்று நீங்கள் இன்னும் விசாரிக்கவில்லை. விசாரிக்கவேண்டும். திருமலையின் செய்திகளைக் கொஞ்சம் பாருங்கள். அவனும் சில இடங்களில் ஒரு 'ஸ்' கூட்டித்தான் எழுதுகிறான். முன்பு நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

காகிதத்தைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கீழ்பென்னாத்தூர் பச்சையம்மாள் சாவுக்கு நான்தான் காரணம், தெரிந்தே செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது வரியில் 'தவறான தகவல் கொடுத்து' என்று போட்டிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள், மேடம். நான் கொடுத்த தகவலில் தவறு எதுவும் இல்லை.