இரும்புலியூர் சூட்டிய இரண்டு பட்டங்கள்

இரும்புலியூர் இளைஞர் மன்றத்தின் ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்று, ஏற்ற நேரத்திலிருந்து கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் பெருமதிப்பிற்குரிய அரிகிருஷ்ணன் அவர்களே! வரவேற்புரை என்று சொல்லி என் வாழ்க்கை வரலாற்றையே படித்து முடித்த செயலாளர் சத்தியநாதன் அவர்களே! மேடையில் இடம் கிடைத்த பெரியோர்களே! இடம் கிடைக்காத கோபத்தோடு கீழே அமர்ந்திருக்கும் பெரியோர்களே! வெயில் தாழும் முன்பே பாய் போட்டு முன்வரிசையை வளைத்துப் பிடித்த என் தாய்மார்களே! பின்னால் சைக்கிளில் சாய்ந்து நின்று, பேச்சு பிடிக்காவிட்டால் மணியடிக்கக் காத்திருக்கும் இளஞ்சிங்கங்களே! உங்கள் அனைவருக்கும் ஜெயவேலுவின் அடக்கமான வணக்கம்.

செயலாளர் சற்றுமுன் என்னைச் 'சொற்புயல்' என்றார். புயலாம்! நான் வேலை பார்க்கும் ரயில்வே ஆபீசில் யாரும் என்னை அப்படி அழைத்ததில்லை. வீட்டில் நான் வாயைத் திறந்தாலே, "ஐயோ, ஆரம்பிச்சிட்டீங்களா?" என்பார் என் மனைவி. எனக்கு வயது நாற்பத்தெட்டு. பட்டம் கொடுத்தால் சிரித்துக்கொண்டே வாங்கி, பொன்னாடையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, ரசம் சோறு சாப்பிட்டுப் படுக்கத் தெரியும். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு பட்டம் சூட்டினால் அது என்ன செய்யும்? மடித்து வைக்குமா? வைக்காது. அதைப் போட்டுக்கொண்டே வளரும்.

நம் ஊருக்கு ஆயிரம் குறை இருக்கலாம். குழாயில் தண்ணீர் வராது, தெருவிளக்கு எரியாது. ஆனால் பட்டம் கொடுப்பதில் நம்மை மிஞ்ச ஆளுண்டா? ஒரு பையன் தன் சட்டையைத் தானே இஸ்திரி போட்டால் 'கலெக்டர்'. எதிர்த்து ஒரு கேள்வி கேட்டால் 'வக்கீல்'. கணக்கில் ஒரு தடவை கோட்டை விட்டால் ஆயுள் முழுக்க 'மக்கு'. என்ன கொடை உள்ளம்! என்ன கொடை உள்ளம்!

அப்படித்தான் நம் தெரு எட்மண்டின் மகள் பியூலாவுக்கும் கொடுத்தோம். பன்னிரண்டு வயதில், கால் ஒடிந்த கோழிக்குஞ்சு ஒன்றுக்குக் குச்சி வைத்துத் துணி சுற்றினாள். கோழிக்குஞ்சு பிழைத்தது. பியூலா மாட்டிக்கொண்டாள். அன்று மாலையே தெரு முழுக்க 'டாக்டரம்மா'! அதோ, கங்கையம்மாள் அம்மா சிரிக்கிறார்கள். சிரிக்கமாட்டீர்களா பின்னே? பள்ளிக்கூடம் விட்டு வரும் பெண்ணை நடுத்தெருவில் நிறுத்தி, "டாக்டரம்மா, நாக்கு வெள்ளையா கீது, கொஞ்சம் பாரேன்" என்று நாக்கை நீட்டியவர்கள் நீங்கள்தானே! அந்தப் பெண் பாவாடை சட்டையோடு நின்று, அறுபது வயது நாக்கைப் பார்த்து, "காரம் குறைச்சுக்கோங்க பாட்டி" என்றது. ஊரே கைதட்டியது.

இத்தோடு விட்டோமா? விடுவோமா நாம்! சென்ற ஆண்டு, இதே மேடையில், இதே மைக்கின் முன்னால், இதே மன்றத்தின் சார்பில் அந்தப் பெண்ணுக்குப் பொன்னாடை போர்த்தி, பழைய ஸ்டெதாஸ்கோப் ஒன்றைப் பரிசாகக் கழுத்தில் மாட்டினோம். உலகத்தில் எந்த மருத்துவக் கல்லூரியும் ஐந்து நிமிடத்தில் ஒரு டாக்டரை உருவாக்கியதில்லை. இரும்புலியூர் உருவாக்கியது.

யாரது மணியடிப்பது? பிடிக்கவில்லையா தம்பி? பிடிக்காது. இன்னும் கொஞ்சம் கசப்பு பாக்கி இருக்கிறது, கேட்டுவிட்டுப் போ.

பியூலாவுக்கு இப்போது பதினைந்து. பதினைந்து வயது என்றால் என்ன என்று நினைக்கிறீர்கள்? மீசை முளைக்கும் வயதா? தாவணி போடும் வயதா? அதெல்லாம் வெளியில் தெரிவது. உள்ளே 'நான் யார், நான் யார்' என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும் வயது அது. வாத்தியாரின் முகத்தைப் பார்த்துக் கேட்கும். அம்மாவின் பெருமூச்சைக் கேட்டுக் கேட்கும். எதிர்வீட்டு ஜன்னலில் கேட்கும், எலெக்ட்ரிக் ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் பார்வையில்கூடக் கேட்கும். நாம் என்ன சொல்கிறோமோ அதை அப்படியே நம்பும். நாமோ வெற்றிலையை மென்றுகொண்டே வாயில் வந்ததைச் சொல்கிறோம்.

போன மாதம் அதே தெருப் புஷ்பத்தின் பிள்ளை துரைக்குக் காய்ச்சல். இரண்டு வயதுப் பிள்ளை, அனலாய்க் கொதிக்கிறது. புஷ்பம் அவனைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடினாள்? ஆஸ்பத்திரிக்கா? நம் ஊரிலேயே டாக்டரம்மா இருக்கும்போது ஆஸ்பத்திரி எதற்கு? எட்மண்ட் வீட்டுக்கு ஓடினாள். பெரியவர்கள் யாரும் வீட்டில் இல்லை. பியூலா நாம் கொடுத்த ஸ்டெதாஸ்கோப்பைப் பிள்ளையின் மார்பில் வைத்தாள். டாக்டர்கள் தலையாட்டுவது போலவே தலையாட்டினாள். வீட்டில் கிடந்த மாத்திரையில் பாதியைக் கரைத்துக் கொடுத்து, "சரியாயிடும்" என்றாள். பொழுது சாய்வதற்குள் பிள்ளைக்கு வலிப்பு வந்துவிட்டது. தலைவர் அரிகிருஷ்ணன் தம் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். அதற்காக மட்டும் அவருக்கு எத்தனை மாலை போட்டாலும் தகும். பிள்ளை பிழைத்தான்.

நாம் உடனே என்ன செய்தோம்? பழைய பட்டத்தைப் பறித்துக்கொண்டு புதிய பட்டம் கொடுத்தோம். 'கொலைகாரி'! அதையும் கைதட்டிக் கொடுக்காத குறைதான். ஐயா, கொலையுண்டவன் இதோ முன்வரிசையில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருக்கிறான்! ஆனால் பட்டம் கொடுத்தது கொடுத்ததுதானே?

அன்று முதல் அந்தப் பெண் பள்ளிக்கூடம் போகவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிற பெண். நாளையும் வராவிட்டால் பரீட்சை எழுத அனுப்ப முடியாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். எட்மண்ட் கெஞ்சிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார், ஜெபித்தும் பார்த்தார். தன் சொந்தத் தம்பியைத் தொடக்கூட அவள் பயப்படுகிறாள் என்று என்னிடம் சொல்லி அழுதார். 'டாக்டரம்மா' என்றபோது எப்படி நம்மை நம்பினாளோ, 'கொலைகாரி' என்றபோதும் அப்படியே நம்பிவிட்டாள்!

நேற்று ஒருத்தி அந்த வீட்டுக்குப் போனாள். மன்றத்துப் பிரமுகர் யாரும் இல்லை. துரையின் தாய் புஷ்பம்தான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அங்கே நடந்ததை எட்மண்ட் சொன்னபடியே சொல்கிறேன்.

"இந்தா கண்ணு, புள்ளைய புடி" என்றிருக்கிறாள்.

"வேணாங்க்கா. நான் தொடமாட்டேன்."

"தொட்டா இன்னா ஆவும்? கடிப்பான், அவ்ளோதான். ஒண்ணு கேக்கறேன் சொல்லு. அன்னிக்கி 'ஆஸ்பத்திரிக்குப் போ'ன்னு ஒரு வார்த்த ஏன் கண்ணு சொல்லல?"

அதற்கு அந்தப் பெண், "அவனுக்கு என்னன்னே எனக்குத் தெரியலக்கா. ஆனா டாக்டரம்மா எப்படி 'தெரியாது'ன்னு சொல்றது?" என்றாளாம்.

கேட்டீர்களா? சபையோரே, கேட்டீர்களா? 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல ஒரு குழந்தைக்கு உரிமை இல்லாமல் செய்தோமே! ஒரு கோழிக்குஞ்சுக்குக் காட்டிய இரக்கத்துக்கு நாம் கொடுத்த கூலி இதுதானா?

புஷ்பம் அங்கேயே உட்கார்ந்து அழுதிருக்கிறாள். "பச்சப் புள்ளையாண்ட வந்து மருந்து கேட்டேனே, எனுக்கு எங்க போச்சு புத்தி? தப்பு என்னுதும்மே" என்றிருக்கிறாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது கெடக்கட்டும். உனுக்கு இன்னா ஆவணும்னு ஆச?" என்று கேட்டிருக்கிறாள்.

இந்தத் தெருவில் ஒருவராவது அந்தப் பெண்ணிடம் இப்படிக் கேட்டதுண்டா? தலைவரே, நீங்கள்? செயலாளரே, நீங்கள்?

"தெரியலக்கா" என்றாளாம் பியூலா. சொல்லிவிட்டுச் சிரித்தாளாம். சிரித்துவிட்டுப் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாளாம்.

நாளைக் காலை அவள் புத்தகப் பையோடு பள்ளிக்கூடம் போக நம் தெரு வழியாக ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு நடந்து போகிறாள். அப்பா கூட வரவேண்டாம், தனியாகத்தான் போவேன் என்று சொல்லிவிட்டாள். இருபுறமும் நம் வாசல்கள். நம் வாசல்களில் நம் வாய்கள்! அந்தத் தெருவைக் கடக்க அவளுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். 'டாக்டரம்மா' வேண்டாம். 'கொலைகாரி' வேண்டாம். 'ஐயோ பாவம்' என்பதும் வேண்டாம், அதுவும் ஒரு பட்டம்தான். 'வீரமங்கை' என்று சத்தியநாதன் யோசித்துக்கொண்டிருந்தால் தயவுசெய்து அதையும் விழுங்கிவிடட்டும். கை அரித்தால் கோலம் போடுங்கள். வாய் அரித்தால் வெற்றிலை போடுங்கள். தான் யார் என்று அவள் மெதுவாகக் கண்டுபிடித்து, பிடித்தால் நமக்குச் சொல்லட்டும், பிடிக்காவிட்டால் சொல்லாமலே போகட்டும்.

இவ்வளவு வசவு வாங்கியும் பாயைச் சுருட்டாமல் இருந்த உங்கள் பொறுமைக்கு என் நன்றி. நாளைக் காலை அந்தப் பெண் கடந்து போகும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கப் போகிற இரும்புலியூருக்கு, இப்போதே என் வணக்கம்.