பதினோராம் அத்தியாயத்தில் பிழை இல்லை

புத்தகத்தை முழுக்கப் படித்துவிட்டுத்தான் நான் மதிப்புரை எழுதுவேன். சிரிக்காதீர்கள் சார், எங்கள் தொழிலில் இது கொஞ்சம் அபூர்வமான பழக்கம். பின்னட்டையைப் பார்த்துவிட்டு, நடுவில் ஒரு பத்தியை மோந்து பார்த்துவிட்டு, 'சமகால வாழ்வின் சிக்கல்களைப் பேசும் முக்கியமான நூல்' என்று எழுதிக் கையைத் துடைத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். அவர்களில் ஒருவனாக நான் இருந்திருந்தால் அந்தக் குழாய்க்காரர் இன்றைக்கும் உயிரோடு இருந்திருப்பார். எல்லாம் என் உழைப்பால் வந்த வினை.

பத்தொன்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமைப் புத்தகப் பக்கம் என் பொறுப்பு. நாவல், கட்டுரை, வாழ்க்கைக் கதை எல்லாம் பார்ப்பேன். ஆங்கிலத்தில் எழுதும் நம்மவர்களின் புத்தகங்களும் என் மேஜைக்குத்தான் வரும். ஆபீசில் வேறு யாருக்கும் அவற்றைப் படிக்கப் பொறுமை கிடையாது. அப்படி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. 'அத்தை' என்று ஒரு வார்த்தை போடுவார்கள். அடுத்த வரியிலேயே, அத்தை என்றால் அப்பாவோடு பிறந்தவள் என்று எங்கேயோ இருக்கிற யாருக்கோ பாடம் எடுப்பார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு படிப்பேன். கையில் ஒரு பென்சில் இருக்கும். உண்மைக் கதை என்று சொல்லிக்கொண்டு வருகிற புத்தகமாக இருந்தால், அதிலுள்ள தகவல்களில் மூன்றையாவது விசாரித்துச் சரிபார்ப்பேன். ஒருவர் தன் சுயசரிதையில் ரயில் ஆறு மணிக்குக் கிளம்பியது என்று எழுதியிருந்தார். நான் போய் விசாரித்தேன், அது ஆறே காலுக்கு. அந்தக் கால் மணி நேரத்தை வைத்தே அவருடைய எழுநூறு பக்கத்தையும் கவிழ்த்தேன். அவர் இப்போது தேன் விற்கிறாராம்.

எங்கள் பத்திரிகையில் இரண்டாம் பக்கத்தின் கீழ்மூலையில் 'திருத்தம்' என்று தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம் வரும். விளையாட்டுப் பக்கத்துக்காரர் மாதம் தவறாமல் அதில் இடம்பிடித்துவிடுவார், வெட்கமே கிடையாது. என் பக்கத்துக்காக அந்தக் கட்டம் ஒருமுறைகூட வந்ததில்லை. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களைப் பொறுப்பாசிரியர் என் மேஜைக்குக் கூட்டிக்கொண்டு வந்து, "பிழையே விடாத மனுஷன், பார்த்துக்கோங்க" என்று காட்டுவார். அவர்களும் பார்த்துவிட்டுப் போவார்கள். எனக்கு அது போதும்.

இந்தப் புத்தகம் போன வருடக் கடைசியில் வந்தது. ஒரு பெண் தன் அப்பாவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியது. அப்பா வீடு வீடாகப் போய்க் குழாய் ரிப்பேர் செய்கிறவர். அம்மா இல்லை. மகளைப் படிக்க வைக்கிறார். அவளும் நல்ல வேலைக்குப் போய், ஒருநாள் திடீரென்று வேலையை விட்டுவிட்டு எழுதப்போகிறேன் என்று வந்து நிற்கிறாள். "எழுதறதெல்லாம் ஒரு வேலையா" என்று அவர் கேட்கிறார். அவள் வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். பிறகு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பதினோராம் அத்தியாயத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, மகளைப் பார்க்கப் போகலாம் என்று அவர் மனம் மாறிப் பரணில் இருக்கிற பெட்டியை எடுக்க ஸ்டூல் மேல் ஏறுகிறார். விழுந்து இறந்துபோகிறார். பன்னிரண்டே பக்கம். நான் அழுதேன் சார். பென்சில் கையிலிருந்து நழுவி மேஜைக்கு அடியில் போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

வழக்கம்போல மூன்று தகவல்களைச் சரிபார்த்தேன். அவள் படித்த பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கு விடும், அவர்கள் இருந்த தெருவில் எந்த பஸ் வரும், அந்தக் காலத்து இருமல் மருந்து என்ன நிறம். மூன்றும் சரி. ஒரு சாவைச் சரிபார்க்கத் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றியிருக்குமா? 'இந்தப் புத்தகத்தில் ஒரு வரிகூடப் பொய் இல்லை, என் பத்தொன்பது வருட அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்' என்று எழுதினேன். இரண்டாம் பதிப்பில் அந்த வரியை ஆங்கிலத்தில் போட்டு முன்னட்டையிலேயே அச்சடித்துவிட்டார்கள். கீழே என் பெயர். என் வரி ஒரு புத்தகத்தின் அட்டைக்குப் போனது அதுதான் முதல் தடவை. அந்தப் பிரதியை வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

பதினைந்து நாள் கழித்து ஆபீஸ் வரவேற்பறையில் ஒரு பெரியவர் எனக்காகக் காத்திருந்தார். கையில் என் பக்கம் நான்காக மடித்து இருந்தது.

"சார், இதுல என்னைப் பத்தி எழுதியிருக்கீங்க" என்றார். "சந்தோஷமாப் படிச்சுக்கிட்டே வந்தேன். நாலாவது பத்தியில செத்துட்டேன்."

அடையாள அட்டை கேட்டேன். எடுத்துக் கொடுத்தார். படமும் முகமும் பொருந்தின. பெயர், விலாசம், பிறந்த தேதி எல்லாம் புத்தகத்தில் இருந்தபடியே இருந்தது. இறந்தது ஒன்றுதான் இடித்தது.

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. மகள் புத்தகம் எழுதிய விஷயமே என் மதிப்புரையைப் பார்த்துத்தான் தெரிந்ததாம். கோபம் எதுவும் இல்லை, ரொம்பப் பக்குவமாகத்தான் பேசினார். "அவளுக்குக் கெட்ட பேர் வரக் கூடாது. ஆள் உயிரோட இருக்கார்னு மூலையில ஒரு வரி போட்டா போதும். அதைப் பார்த்தாவது ஒரு போன் பண்ணுவா. ஏழு வருஷமாச்சு சார், அவ குரலைக் கேட்டு."

"நீங்களே பண்ணலாமே" என்றேன்.

"அதெப்படி? அவளைப் பொறுத்தவரைக்கும் நான் செத்தவன். செத்தவன் முதல்ல போன் பண்ணா நல்லாவா இருக்கும்?"

நேரில் வந்து விவரங்களைச் சரிபார்த்துவிட்டுத்தான் திருத்தம் போட முடியும் என்று சொல்லி அனுப்பினேன். வருகிற செவ்வாய்க்கிழமை மதியம் வருகிறேன் என்றேன். அப்போது என் மனதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை சார். செவ்வாய் எனக்கு வார விடுமுறை, அவ்வளவுதான். இடையில் நான்கு நாள் அந்தத் திருத்தத்தை எழுதிப் பார்த்தேன். 'நூலாசிரியரின் தந்தை இறந்துவிட்டதாகக் குறிப்பிட்டிருந்தோம். அவர் இறக்கவில்லை. வருந்துகிறோம்.' எப்படி மாற்றி எழுதினாலும் அவர் இறக்காததற்கு நாங்கள் வருந்துகிற மாதிரியே வந்தது. அந்தப் பன்னிரண்டு பக்கத்துக்குப் பக்கத்தில் இந்த மூன்று வரியை வைத்துப் பாருங்கள். எது இலக்கியம்?

செவ்வாயன்று போனேன். இரண்டாம் மாடியில் சின்ன வீடு. சமையலறையும் கூடமும் ஒன்றுதான். ஒரு குழாய்கூட ஒழுகவில்லை. பரண், சமையலறை ஜன்னல், மூன்று கால் ஸ்டூல் எல்லாம் அவள் எழுதியபடியே இருந்தன. அந்தப் பெண்ணின் கண் அபாரமான கண் என்று மறுபடியும் தோன்றியது. பதினோராம் அத்தியாயத்தைத் தமிழில் படித்துக் காட்டச் சொன்னார். ஒருவருடைய சாவை அவருக்கே மொழிபெயர்த்துச் சொல்வது சங்கடமான வேலைதான். இருந்தாலும் நன்றாகவே வந்தது. அவர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுநடுவே, "ஆமா, அந்தச் சட்டை இருக்கு" என்றும், "ஜன்னல் கொக்கி அப்படித்தான் மாட்டும்" என்றும் சொன்னார். கடைசிப் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நல்லா எழுதறா சார். எழுதறதெல்லாம் ஒரு வேலையான்னு கேட்டேன். வேலைதான் போல." பரணை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "அந்தப் பெட்டி மேலேதான் இருக்கு. வீம்பு பிடிச்சு நான் எடுக்கவே இல்லை. இப்ப எடுக்கறேன். நாளைக்குக் காலைல பஸ் ஏறிப் போய் அவ வாசல்ல நிக்கறேன். திருத்தமெல்லாம் வேண்டாம், விட்டுடுங்க" என்றார்.

திருத்தம் வேண்டாம் என்று சொன்ன பிறகு பிரச்சினை தீர்ந்ததே என்று நீங்கள் கேட்கலாம். தீரவில்லை சார். இவர் போய் நின்றால் அவள் கட்டிக்கொண்டு அழுவாள். யாராவது படம் எடுப்பார்கள். அடுத்த பதிப்பில் அந்த அத்தியாயத்தைத் தூக்கிவிடுவார்கள், முன்னட்டையில் இருக்கும் வரியையும் எடுத்துவிடுவார்கள். ஒரு மனிதர் பஸ் ஏறுவதால் எத்தனை சேதம் என்று பாருங்கள்.

அவர், புத்தகத்தில் வரும் அதே நீலச் சட்டையைத்தான் போட்டிருந்தார். நான் சொல்லவில்லை, அவராகப் போட்டதுதான். ஸ்டூலில் ஏறினார். "கொஞ்சம் பிடிச்சுக்கோங்க சார், முட்டி சரியில்லை" என்றார். பிடித்தேன். இரண்டு கையாலும் கெட்டியாகத்தான் பிடித்தேன். அப்போதுதான் நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம் ஞாபகம் வந்தது. 'ஸ்டூலைப் பிடிக்க ஆளில்லை' என்று அதில் தெளிவாக இருக்கிறது. விட்டேன்.

விட்டது மட்டும் போதவில்லை. தொழிலாளி உடம்பு, அவர் நன்றாகவே நிலைகொண்டு நின்றார். அதனால் ஸ்டூலின் ஒரு காலைப் பாதத்தால் தள்ளினேன். பெட்டியோடு விழுந்தார். சமையல் மேடையின் விளிம்பில் தலை பட்டது, புத்தகத்திலும் அப்படித்தான். அப்போது மூன்றே முக்கால். அவள் ஐந்து மணி என்று எழுதியிருந்தாள். ஆகவே உட்கார்ந்து காத்திருந்தேன்.

நான் இரக்கமில்லாதவன் இல்லை. தலைக்குக் கீழே ஒரு தலையணை வைத்தேன். பிறகு அத்தியாயத்தில் தலையணை கிடையாது என்று ஞாபகம் வந்து எடுத்துவிட்டேன். பக்கத்து வீட்டு ரேடியோ பாடிக்கொண்டிருந்ததாக ஒரு வரி உண்டு. பக்கத்து வீடு பூட்டியிருந்ததால் அவருடைய ரேடியோவையே போட்டேன். அது ஒரு சின்னச் சமரசம், ஒப்புக்கொள்கிறேன். நாலரை வாக்கில் அவர் கண்ணைத் திறந்து, "அவளுக்கு ஒரு போன் போடுங்க சார்" என்றார். புத்தகத்தில் அவர் எதுவும் பேசுவதில்லை. அந்தப் பக்கத்தைத் திருப்பி அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். ஆங்கிலம் தெரியாது என்பதை மறந்துவிட்டேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்கு இரண்டு மூன்று நிமிடம் முன்பின்னாக முடிந்தது. புத்தகப்படி அவளுக்குச் செய்தி ஓர் அந்நியக் குரலாகத் தொலைபேசியில் வர வேண்டும். பதிப்பகத்தில் எண் வாங்கி நானே சொல்லிவிட்டேன்.

புத்தகம் முதலில் வந்துவிட்டது, சம்பவம் பிறகு நடந்தது. அந்த ஒரு வரிசைதான் மாறிப்போனது. நல்லவேளையாக அவள் வருடம் எதுவும் போட்டிருக்கவில்லை.

உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, வயசானவர், கால் தவறி விழுந்தது என்று எழுதிக்கொண்டு போனார்கள். சரியாகத்தான் எழுதினார்கள். என்னை யாரும் சந்தேகப்படவில்லை. பிறகு எதற்கு நானாகவே வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்றுதானே கேட்டீர்கள்? அந்தப் பெண்ணால்தான்.

எல்லாக் காரியமும் முடிந்த பிறகு அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறைத் தரையில் அந்தப் பெட்டியைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்திரிகையில் வரும் படத்தை வைத்து என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "அந்த அத்தியாயம் பொய் சார். உங்க பேப்பருக்கே லெட்டர் எழுதப் போறேன், இந்த ஞாயித்துக்கிழமை போடச் சொல்லுங்க" என்றாள். தலையில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது எனக்கு. இவ்வளவு பாடுபட்ட பிறகு, எழுதியவளே பொய் என்கிறாள். அதனால்தான் வந்தேன். செவ்வாய்க்கிழமை, நீலச் சட்டை, ஸ்டூல், பெட்டி, ஐந்து மணி, பிடிக்க ஆளில்லாதது, எல்லாம் எழுத்துப்படி நடந்தது என்பதற்கு நான் கண்கண்ட சாட்சி. ஞாயிற்றுக்கிழமைக்குள் இதை முத்திரை போட்டுப் பதிவு செய்துவிடுங்கள். எந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

அவளிடம் கேட்டேன் சார், எதற்கு அப்படி ஒரு பொய் எழுதினாய் என்று. அவள் பெட்டியின் பூட்டைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "தப்பா ஒண்ணு இருந்தா அப்பாவால அதைச் சரி பண்ணாம இருக்கவே முடியாது. நான் உயிரோட இருக்கேன்டின்னு சண்டை போடவாவது போன் பண்ணுவாருன்னு நினைச்சேன். அதுக்காகத்தான் எழுதினேன். புத்தகம் வந்த நாள்லேர்ந்து போனைக் கையிலேயே வெச்சுக்கிட்டிருந்தேன்."

அது புத்தகத்தில் எங்கேயும் இல்லையே என்றேன்.