பச்சை தெரிகிற கண்ணாடி

டீயைக் குடித்துவிட்டு எழுதுங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா, அவசரமில்லை. எங்கள் லேசருக்கே சூடேற ஒரு மணி நேரம் ஆகும். குழாய்க்குள் செம்பு உருகி ஆவியான பிறகுதான் பச்சை ஒளி வரும். அதுவரை பட்டறையில் எல்லோரும் டீயும் ஊர்க்கதையும்தான்.

நான் ஆத்மநாதன். நார்த்தாமலை ரோட்டில் பட்டறை. டீசல் என்ஜினில் எண்ணெய் பீய்ச்சும் நாசில்களில் தலைமுடியைவிட மெல்லிய துளை போட்டுக் கொடுக்கிறோம். விளிம்பில் பிசிர் இருக்கக் கூடாது. அப்படிப் போட என்னிடம் இருந்த ஒரே ஆள் பிரகதீஸ்வரி. குன்றாண்டார்கோவிலிலிருந்து பஸ்ஸில் வருவாள். லேசர் அறைக்குள் அவள் மட்டும்தான் போவாள். துளை எங்கே விழுகிறது என்று கம்ப்யூட்டர் சொல்வதற்கு முன்பே அவள் கண் சொல்லிவிடும்.

சித்திரையில் வந்து, பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது, மூன்று மாதத்தில் போகிறேன் என்றாள். சம்பளத்தை ஏற்றிச் சொன்னேன்.

"சம்பளத்துக்கு இல்லீங்க சார். அங்கிட்டு பெரிய மெஷினெல்லாம் இருக்கு. கத்துக்கலாம்ல."

எங்கள் குடும்பம் கீழராஜ வீதியில் பாத்திரக் கடை வைத்திருந்தது. விலை படியாமல் இறங்கிப் போகிற ஆளை, அடுத்த கடைப் படியில் கால் வைப்பதற்குள் கூப்பிட்டுவிடுவோம். அதற்குக் கையில் ஏதாவது மிச்சம் வைத்திருக்க வேண்டும். இவளுக்குக் காட்ட என்னிடம் மிச்சம் எதுவுமில்லை.

லேசர் அறையில் கண்ணுக்குப் போடும் கண்ணாடி ஆரஞ்சு நிறம். நல்ல கண்ணாடியென்றால் பச்சை ஒளி அடியோடு மறைந்துவிடும். அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அதே நிறத்தில், அதே சட்டத்தில் வெறும் பிளாஸ்டிக் ஒன்றை வரவழைத்துக் கொடுத்தேன்.

மாட்டிக்கொண்டு நின்றவளைப் பார்த்து, பாலிஷ் போடும் ஞானமணி, "என்னடி, சினிமாவுல நடிக்கப் போறியா?" என்றாள்.

"ஒனக்கு ஏன் வயித்தெரிச்சல்?" என்று சிரித்தபடி பிரகதீஸ்வரி உள்ளே போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"சார், இதுல பச்சை நல்லாத் தெரியுதே?"

"ஒளியச் சரிபார்க்க வசதியா இருக்கட்டும்னு அந்த மாதிரி வாங்கினேம்மா. கொஞ்சந்தான் விடும்."

"அப்ப நல்லதுதாங்க. எனக்கு வேலை சுளுவு."

அன்று வழக்கத்தைவிடச் சீக்கிரமே வேலையை முடித்தாள்.

கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். சாமான் வாங்குவதில் கவனக்குறைவு என்று என்னை எங்கள் தெருவில் யாரும் சொன்னதில்லை. நாசிலின் பளபளப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியே கண்ணைக் கெடுக்கப் போதும் என்று மெஷினோடு வந்த புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. பெங்களூரில் சேரும் முன் கண் பரிசோதனை உண்டு என்பதையும் விசாரித்து வைத்திருந்தேன்.

ஐந்தாவது வாரம், பஸ் போர்டில் நடு எழுத்து மட்டும் தெரியவில்லை என்றாள். தூக்கம் போதவில்லை போலிருக்கிறது என்றேன். தலையாட்டிவிட்டு மறுபடி அறைக்குள் போனாள். பீரோச் சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது.

பரிசோதனையில் பெங்களூர்க்காரர்கள் வேண்டாம் என்றார்கள். மதுரை டாக்டர், இரண்டு கண்ணிலும் விழித்திரையின் நடுப்பகுதி வெந்துவிட்டது, திரும்பாது என்றார். உங்களுக்குப் புகார் எழுதியதும் அவர்தான்.

கண் போன பிறகு எனக்கு மட்டும் அவள் எப்படிப் பயன்படுவாள் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. பெங்களூர் வேண்டாம் என்று சொல்லும் அளவுக்குக் கெடுத்து, என் பட்டறைக்குப் போதும் என்கிற அளவுக்கு மிச்சம் வைக்கலாம் என்று நினைத்தேன். நுணுக்கமான வேலை செய்து பழகிய ஆள் நான். இதில்தான் அளவு தப்பிவிட்டது.

போன வாரம் என் எதிரே உட்கார்ந்து, பக்கத்துச் சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"மொகத்தப் பாக்கணும்னா காதப் பாக்க வேண்டியிருக்கு சார். அன்னைக்குப் பச்சை தெரிஞ்சப்பவே நான் சுதாரிச்சிருக்கணும். என் தப்புதான்."

"விடும்மா," என்றேன்.

இப்போது அவளைப் பேக்கிங்கில் உட்கார வைத்திருக்கிறேன். தடவிப் பார்த்து அட்டைப்பெட்டியில் அடுக்குகிறாள். சம்பளத்தில் கை வைக்கவில்லை. கண் தெரியாத பிள்ளையை வேறு எந்த முதலாளி இப்படி வைத்துக் காப்பாற்றுவான், நீங்களே சொல்லுங்கள்.