எழுதாத கடி

— கேட்டுல கை நசுங்கினா நாலு ஓட்டை விழாதுடா. கட்டைப் பிரி.

— ஒண்ணும் இல்லக்கா. சின்னக் காயம். முன்னாடி வாத்தியார் தன் பொண்ணோட காத்துக்கிட்டு நிக்கறார். குட்டியைக் குடுத்து அனுப்பிட்டு வரேன். அப்புறம் திட்டு, குனிஞ்சு வாங்கிக்கறேன்.

— கட்டைப் பிரி.

— நீ நாய்க்கு டாக்டரா, எனக்கு டாக்டரா? முதல்ல அந்த முழுக்கையை மடிச்சு விடு. இந்தப் புழுக்கத்துல உன்னைப் பாத்தாலே எனக்கு வேர்க்குது.

— நாய்க்குத்தான் டாக்டர். அதனாலதான் கேக்கறேன். காட்டு... இது மேல் பல். இது கீழ்ப் பல். எது கடிச்சது?

— கையை விடுக்கா, வலிக்குது.

— சாம்பலா?

— கடின்னு சொல்லாதக்கா. பல்லு பட்டுச்சு.

— எலும்பு வரைக்கும் பட்டிருக்கு. எப்போ?

— செவ்வாக்கிழமை காலைல.

— இன்னைக்குச் சனி. வளர்ப்பு நோட்டுல ஒரு வரி இல்ல.

— எழுதினா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா? பதினொரு வருஷம்க்கா! ஓநாய் ரத்தம் ஒரு சொட்டு சேக்கல. வெறும் நாய்ங்களை வச்சே, ஈத்துக்கு ஈத்து பொறுக்கிப் பொறுக்கி, அந்த உருவத்தைக் கொண்டுவந்திருக்கோம். தொங்கற வாலு, நெட்டைக் காலு, அந்தத் தேன் கலர் கண்ணு. சாம்பலை ரோட்டுல கூட்டிட்டுப் போனா லாரிக்காரன் பிரேக் போடறான்.

— நோட்டுல முதல் பக்கம் என்ன எழுதியிருக்கு?

— பாத்தா ஓநாய், பழகினா நாய்.

— அதுக்குக் கீழ?

— மனுஷனைப் பாத்து உறுமினா அதை இணை சேக்கக்கூடாது. கடிச்சா அதோட வாரிசையும் சேக்கக்கூடாது, வெளியில குடுக்கவும் கூடாது. போதுமா? பரீட்சை முடிஞ்சுதா டீச்சர்?

— யார் கையெழுத்து?

— ரெண்டு பேரோடதும்தான்.

— வாத்தியாருக்குன்னு கூடையில வச்சிருக்கியே, அது யார் பிள்ளை?

— சாம்பல் பிள்ளைதான். எட்டு வாரக் குட்டிக்கா. அது யாரைக் கடிச்சுது? அப்பன் செஞ்சதுக்கு...

— ஏங்க! உள்ளதான இருக்கீங்க? பாப்பா இந்தப் பெரிய நாய்க்கு பிஸ்கட் குடுக்கணும்னு ஒரே அடம். கம்பிக்குள்ள கை போகுது. குடுக்கட்டுமா? பாவம், சத்தமே போடல. சும்மா பாத்துக்கிட்டு நிக்குது.

— வேணாம் வாத்தியாரே! கையை எடுக்கச் சொல்லுங்க! பாப்பாவைத் தூக்குங்க, தூக்குங்க!

— ஏங்க, கடிக்குமா?

— தூக்கிட்டீங்களா?

— தூக்கிட்டேங்க. என்னங்க நீங்க, பூனை மாதிரின்னு சொன்னீங்களே!

— சாப்பாட்டு நேரம்ங்க, அதான். வாசப்பக்கம் போய் உக்காருங்க. ரெண்டே நிமிஷம்.

— கத்தினது நீ. நான் வாயே தொறக்கல.

— தெரியும்.

— உறுமல, குரைக்கல. சும்மாதான நின்னுச்சு? அப்புறம் ஏன் உனக்கு வேர்த்துப் போச்சு?

— அன்னைக்கும் அப்படித்தான்க்கா நின்னான். தட்டை எடுக்கக் குனிஞ்சேன். காது மடங்கல, முடி சிலிர்க்கல. ஒரு சின்ன உறுமல் கேட்டிருந்தாக்கூடக் கையை இழுத்திருப்பேன். கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள கை அவன் வாயில இருக்கு.

— எத்தனை நாயை இணை சேக்காமக் கழிச்சிருப்போம், உறுமினதுக்காக?

— முப்பது இருக்கும்.

— கோவக்கார நாயைக் கழிக்கறோம்னு நினைச்சோம். சொல்லிட்டுக் கடிக்கறதை எல்லாம் கழிச்சுட்டு, சொல்லாமக் கடிக்கறதைப் பொத்திப் பொத்தி வளத்திருக்கோம்.

— அப்படிச் சொல்லாதக்கா.

— பேனா இந்தா.

— சரி. சரிக்கா. வாத்தியாரை வெறுங்கையோட அனுப்பிடறேன். காறித் துப்பினாலும் தொடைச்சுக்கறேன். சாம்பலுக்கும் ஏழு குட்டிங்களுக்கும் நீயே கருத்தடை ஆபரேஷன் பண்ணிடு. கடைசி வரைக்கும் நாமளே சோறு போடுவோம். சரிதான?

— ம்.

— ஆனா குடி ஒண்ணும் முழுகிடல. சாம்பலோட அம்மா இருக்காளே, வெள்ளி! இங்க கூண்டுல இருக்கற அத்தனையும் அவ வயித்து வழி வந்ததுதான். ஒரு நாள், ஒரு ஆளைப் பாத்து அவ மூஞ்சி சுளிச்சிருப்பாளா? இன்னும் ஒரு ஈத்துக்கு அவளுக்குத் தெம்பு இருக்கு. வெளியிலேருந்து நல்ல ஆணாப் பாத்து, அவகிட்டேருந்து மறுபடி ஆரம்பிப்போம். என்னக்கா சொல்றே?

— முதல்ல எழுது.

— எழுதறேன். செவ்வாய், காலை, சாம்பல்...

— அங்க இல்ல. மேல ஒரு வரி காலியா விட்டுட்டு எழுது.

— எதுக்கு? நாலு வருஷமாச் சொல்லியும் மடிக்காத முழுக்கையை இப்ப எதுக்கு மடிக்கறே? அக்கா... இது என்ன தழும்பு?

— சாம்பல் பொறக்கறதுக்கு முன்னாடி. வெள்ளியோட பல்லு. அவளும் உறுமல.