முடிக்கப்படாத பத்துப் பக்கங்கள்

ஒருவரின் உயிர் சம்பந்தப்பட்டது என்பதால், காதில் தெளிவாக விழுந்ததை மட்டுமே எழுதுகிறேன். செங்கம் சாலையில் ஓடிய ஷேர் ஆட்டோவில், அறைகளை வாடகைக்கு விடும் குடும்பத்துப் பெண்கள் இருவர் என் எதிரே அமர்ந்திருந்தனர். இளையவளின் மடியில் ஓர் ஆங்கிலத் துப்பறியும் நாவல் இருந்தது.

“பத்து பக்கம் பாக்கி வெச்சிட்டு எவனும் ஊருக்குப் போவ மாட்டான், அண்ணி.”

“வெள்ளைக்காரரு புக்கை மறந்துட்டுப் போயிருப்பாருடி. ரூம்ல அவரு பையைக் காணோமே.”

“‘மலைக்குப் போயிட்டு வந்து முடிக்கிறேன், கொலகாரன் யாருன்னு சொல்லிடாதே’ன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. மூணு நாளாச்சு. இந்தக் கதைல ஒரு ஷெரீஃப் வர்றாரு, அந்தச் சின்ன ஊரு போலீசு. அவரா இருந்தா இதைத்தான் முதல்ல பார்ப்பாரு.”

“நம்மூரு போலீசு உங்கண்ணனைத்தான் முதல்ல பார்க்கும். வெளிநாட்டுக்காரரைப் போலீசுல பதியாம தங்க வெச்சதுக்கு உள்ள தள்ளிடுவாங்க.”

“மலைல விழுந்து கெடந்தாருன்னா?”

காவல் நிலையம் வந்ததும் இளையவள் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள்.

“உக்காருடி!” அண்ணி அவள் கையை இறுகப் பற்றினாள்.

“விடுங்க, அண்ணி.”

பிடியை விடாமலே அண்ணியும் இறங்கினாள். இருவரும் உள்ளே சென்றதைக் கண்டேன். அந்த மனிதர் கிடைத்தாரா என்பது எனக்குத் தெரியாது.