பசை படாத இடம்

இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த படம் மரத்தில் ஏறாது. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆசை ஆசையாகக் கல்யாணப் படத்தைக் கொண்டுவருவார்கள். தண்ணீர் பட்டதும் மாப்பிள்ளையும் பெண்ணும் நீலமாகக் கரைந்து ஓடுவார்கள். லேசர் பிரிண்ட்தான் வேண்டும். அதில் இருப்பது மையில்லை, பொடி. அது பசையோடு சேர்ந்து மரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இந்த விசாரணையில் நீங்கள் கேட்டது இதையல்ல என்று தெரியும். ஆனால் என் வேலை புரியாமல் நான் செய்தது புரியாது. உங்கள் மேஜைமேல் இருக்கும் பெயர்ப்பலகைகூட இந்த முறையில் செய்ததுதான். நான் செய்ததல்ல. என் கைக்கு வந்திருந்தால் ஓரம் இப்படி உரிந்திருக்காது.

படத்தை இடவலம் மாற்றி பிரிண்ட் எடுக்க வேண்டும். உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கிய பலகையில் பசை தடவி, படத்தைக் குப்புற வைத்து, குமிழி இல்லாமல் நீவிவிட வேண்டும். நன்றாகக் காய்ந்தபின் தாளை நனைத்துக் கட்டைவிரலால் தேய்த்தால், தாள் திரிதிரியாகச் சுருண்டு வந்துவிடும். படம் மட்டும் மரத்தில் நிற்கும். பசை படாத இடத்தில் படம் ஏறாது. அங்கே மரத்தின் ரேகை தெரியும். சும்மா சொல்லக் கூடாது, சில படங்களில் அந்த வெற்றிடம்தான் அழகு.

என் தங்கையும் அவள் கணவரும் விபத்தில் சிக்கிய அன்று அவர்களுடைய மகள் என்னிடம் இருந்தாள். அப்போது இரண்டு வயது. சிட்டு என்று கூப்பிடுவோம். சாயங்காலம் வந்து கூட்டிப்போகிறோம் என்று விட்டுப் போனார்கள். மாப்பிள்ளை சாலையிலேயே போய்விட்டார். தங்கை பிழைத்தாள். தலையில் அடி. கண் விழித்தபோது என்னை அடையாளம் தெரிந்தது. எங்கள் பள்ளிக்கூடம், அப்பா அம்மா போனது, எனக்குக் கல்யாணமானது எல்லாம் நினைவிருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அவளுடைய கல்யாணம் இல்லை. பிரசவம் இல்லை. குழந்தை இல்லையென்று என் கணவர் என்னைவிட்டுப் பிரிந்துபோனதும் இல்லை.

மருத்துவமனையில் பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வீட்டுப் படமெல்லாம் காட்டுங்கம்மா, கொஞ்சம் கொஞ்சமா ஞாபகம் வரலாம். ஆனா புருஷன் போனத இப்போ சொல்லிடாதீங்க. தாங்க மாட்டாங்க" என்றார்.

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சொல்லாதே என்று முதலில் சொன்னது நானல்ல.

அவர்களுடைய வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுத் தங்கையை என் ஊருக்கு, என் வீட்டுக்கு அழைத்துவந்தேன். ஈ எறும்பு கடிக்காமல் பார்த்துக்கொண்டேன், அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். பிறகு படங்களைச் செய்ய உட்கார்ந்தேன். காகிதப் படத்தை அவள் கசக்கிவிடுவாள், கைநடுக்கம். பலகையென்றால் மடியில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் எடுத்தது கடற்கரைப் படம். நான், தங்கை, மாப்பிள்ளை, அவர் தோள்மேல் சிட்டு. மாப்பிள்ளையைப் பார்த்தால் எங்கே என்று கேட்பாள். டாக்டர் சொன்னபடி அவர் இருக்கக் கூடாது. கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டி வேறொன்றை வைப்பது எனக்குப் பிடிக்காது, அது பொய். அவர் நின்ற இடத்தில் பசை தடவாமல் விட்டேன், அவ்வளவுதான். ஆனால் அவரை விட்டால் குழந்தை அந்தரத்தில் தொங்குவாள். பார்க்கிறவர்கள் பயந்துபோவார்கள். அதனால் குழந்தைக்கும் தடவவில்லை. அன்று அந்த முடிவில் வேறு எந்த எண்ணமும் இல்லை என்று நான் உறுதியாகச் சொல்ல முடியும்.

தங்கை அந்தப் பலகையை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். "நாம ரெண்டு பேரும் மட்டுமா போனோம்?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள், அதுவரை மருந்து மயக்கத்தில் அவள் சரியாகக் கவனிக்காத சிட்டு உள்ளே வந்து என் இடுப்பில் ஏறிக்கொண்டாள். ஆஸ்பத்திரி, வீடு என்று நான் அலைந்த மாதங்களில் அவளுக்கு என் இடுப்பு பழகிவிட்டது.

"உன் பொண்ணாக்கா? எனக்கு ஞாபகமே இல்லையே. அத்தான் எங்கே?"

"பிரிஞ்சுட்டோம்" என்றேன்.

அவள் கண்கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சொன்னது உண்மை. உன் பொண்ணா என்று கேட்டதை அவளே கடந்துபோய்விட்டாள். நான் மறுக்கவில்லை என்பது மட்டும்தான் என் பங்கு.

ஒரு வாரம் போகட்டும், கொஞ்சம் தேறட்டும் என்று நினைத்தேன். அந்த வாரத்தில் சிட்டு என்னை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தாள். பெரியம்மா என்பது சின்ன வாய்க்கு நீளமான சொல், தானாகச் சுருங்கியது. தங்கையையும் அவள் அம்மா என்றுதான் கூப்பிட்டாள். அதுதான் குழப்பமாக இருந்தது. "அவங்கள அப்படிக் கூப்பிட்டா அவங்களுக்குத் தலை வலிக்கும்டா கண்ணு. சித்தின்னு கூப்பிடு" என்றேன். குழந்தை கெட்டிக்காரி. இரண்டு மூன்று முறை மறந்தாள், பிறகு மறக்கவில்லை. அவள் மறந்த நாட்களில் நான் அவளை அடிக்கவில்லை. பேசாமல் இருந்தேன், அவ்வளவே.

மாப்பிள்ளைக்கு இருந்த ஒரே உறவு அவருடைய அண்ணன், வெளிநாட்டில். மாதம் ஒருமுறை போன் செய்வார். இன்னும் பேசுகிற நிலையில் இல்லை என்பேன். அவரும் நல்லதாகப் போயிற்று என்பதுபோல வைத்துவிடுவார். தங்கைக்கு ஞாபகப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். ரொம்பக் கேள்வி கேட்பாள். அவளை நிறுத்திவிட்டேன். நர்சரியில் சிட்டுவைச் சேர்த்தபோது அம்மா யார் என்று கேட்டார்கள். நான் நின்றிருந்தேன், குழந்தை என் கையைப் பிடித்திருந்தது. அதற்குமேல் யாரும் துருவவில்லை.

பலகைகளும் கூடிக்கொண்டே போயின. ஒரு படத்தில் தங்கை சிட்டுவை மடியில் வைத்திருந்தாள், பக்கத்தில் நான். குழந்தைக்கும் எனக்கும் பசை தடவினேன். தாளைத் தேய்த்தெடுத்தபோது குழந்தையின் வயிற்றைச் சுற்றித் தங்கையின் நான்கு விரல்கள் நின்றன. விரல்களை எடுத்தால் குழந்தையின் சட்டையும் போகும். நுணுக்கமான வேலை. ஈரவிரலால் மூன்றைத் தேய்த்தெடுத்தேன். ஒன்று வரவில்லை.

"அக்கா, இது யாரு விரல்?"

"என்னோடதுதான்."

அவள் என் கையை எடுத்து அந்த விரலோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். நான் அந்தப் பலகையை வாங்கி வேறு வேலைக்குச் சீவிவிட்டேன்.

அந்த மழைக்காலத்தில்தான் சிட்டுவுக்குச் சளி பிடித்தது. மதியம் தூங்கிக்கொண்டிருந்தவள் இருமினாள். நான் பட்டறை அறையில் கைகழுவிவிட்டு வருவதற்குள் தங்கை போய்க் குழந்தையைத் தோளில் போட்டு முதுகை நீவிக்கொண்டிருந்தாள். மேலிருந்து கீழே மெதுவாக, கடைசியில் இரண்டு தட்டு. சிட்டு பிறந்ததிலிருந்து அவள் அப்படித்தான் செய்வாள். குழந்தையும் உடனே அடங்கிவிட்டாள்.

"நீ எதுக்கு எழுந்து வந்தே?" என்றேன்.

"தெரியலக்கா. கால் தானா வந்துச்சு. இவ அழுதா எனக்கு மார்ல வலிக்குது. இது ஏன்க்கா?"

நீங்கள் நியாயம் பார்க்கிறவர். அந்தக் கேள்விக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்தது. நான் சொன்னது இது: "உன் வியாதி அப்படித்தான்மா. அடுத்தவங்க விஷயமெல்லாம் உன்னோடது மாதிரி தோணும். டாக்டர் அப்பவே சொன்னாரு. அப்படித் தோணும்போது என்கிட்ட சொல்லு, நான் எது உன்னோடது, எது இல்லைன்னு சொல்றேன்."

அவள் நம்பினாள். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக என்னிடம் கொண்டுவந்தாள். யாரோ ஒருவர் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்துவது. ஒரு சின்னக் கால்விரலை வாயில் வைத்துக் கடிப்பது. ஒரு நீலத் துண்டின் வாசனை. நான் கேட்டுவிட்டு, இல்லை, அது உன்னுடையதல்ல என்பேன். சில நாட்களில் அவளே சொல்லத் தொடங்கினாள்: "இதுவும் என்னோடது இல்லதானேக்கா?" நான் தலையாட்டுவேன். அவளுக்கும் ஒரு நிம்மதி வந்தது என்றுதான் நினைக்கிறேன். கணவனை இழந்த துக்கம் அவளுக்கு இல்லாமல் போனதே, அதை யாரும் என் கணக்கில் வைப்பதில்லை.

உங்களுக்கு மீதி தெரியும். வயிற்றுவலி என்று தெருமுனை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். திரைக்குப் பின்னால் தங்கை படுத்திருந்தாள், நானும் சிட்டுவும் இந்தப் பக்கம் பெஞ்சில்.

"எத்தனை குழந்தைம்மா?" என்று டாக்டரம்மா கேட்டது காதில் விழுந்தது.

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல டாக்டர். இது விபத்துல போட்ட தையல்னு அக்கா சொன்னா."

"என்கிட்ட என்னம்மா கூச்சம். இது பிரசவத்துக்குப் போட்ட தையல்மா."

திரையை விலக்கிக்கொண்டு தங்கை வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. சிட்டுவின் முன்னால் தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள். சிட்டு என் பின்னால் ஒளிந்துகொண்டு, "சித்தி, வீட்டுக்குப் போலாம்" என்றாள். தங்கை அப்போது போட்ட சத்தத்துக்குத்தான் தெருவே கூடியது.

நான் எதையும் மறைக்கவில்லை, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். அவளுடைய கணவரையும் குழந்தையையும் அவளிடமிருந்து எடுத்தது நான்தான். அவள் நினைவு திரும்பிவந்தபோதெல்லாம் வாசலில் நின்று திருப்பி அனுப்பியதும் நான்தான். அந்தக் குழந்தை எனக்கு வேண்டியிருந்தது. இதற்குமேல் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

இப்போது அவள் தங்கியிருக்கும் இடத்தில் என் பலகைகளையெல்லாம் நனைத்துவைத்து நாள் முழுக்கத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள் என்று சொன்னீர்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். அடியில் எதுவும் இருக்காது. விட்டது தாளோடு போய்விட்டது. அவள் விரல்தான் தேயும்.

சிட்டு அவளிடம் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, அழுதுகொண்டே இருக்கிறாள் என்றும் கேள்விப்பட்டேன். நீங்களெல்லாம் படித்தவர்கள், ஆளாளுக்கு ஒரு சட்டம் பேசுகிறீர்கள். குழந்தையிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டீர்களா? இங்கே கூட்டிவந்து, உன் அம்மா யார் என்று அவளையே கேளுங்கள். தயங்காமல் சொல்வாள். நான் தினமும் கேட்டுப் பழக்கியிருக்கிறேன்.