வலது ஓரத்துத் திரி

— அன்னைக்கு அந்தக் கம்ப்யூட்டர் கடையில உண்டாயிருந்தது நாலு பேரு. கடைக்காரன் சத்தியதாஸ், மிஷினுக்கு முன்னால இருந்து படம் வரைஞ்ச பிரேமகுமாரி, நான், எனக்க மக மஞ்சு. வேற ஒரு ஆளு அங்க இல்ல. இதை மனசில வச்சுக்கிட்டு மிச்சத்தைக் கேளு, அனிலே.

— நெய்யாற்றின்கரையில வேற மாதிரியாக்கும் பேச்சு, பெரியப்பா. அப்பா என்னை உண்ணக்கூட விடாம இங்கோட்டு அனுப்பிச்சாரு.

— உனக்க அப்பன் தாணு அந்தக் கடையில இருந்தானா?

— இல்ல.

— அப்போ அவன் பேச்சு பிறகு.

— செரி. நீங்க எங்கோட்டோ இறங்கின மாதிரி இருக்கே? அலக்கி வெளுத்த வேட்டியும் மேல்முண்டும் எல்லாம்.

— போக வேண்டிய இடம் ஒண்ணு உண்டு. நீ வந்த காரியத்தைச் சொல்லு.

— முற்றத்தில நிக்கிற புது வேனைப் பாத்துட்டுத்தான் வாறேன். நம்ம எண்ணெய் மார்க்கு, குத்துவிளக்கு, ஆளுயரத்துக்கு ஒட்டியிருக்கு. ஸ்டிக்கர் அடிபொளி, குற்றம் ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா அதில அஞ்சு திரி எரியுது. நான் பிறந்த நாள் முதல் நம்ம டின்னில பாத்தது நாலு திரியாக்கும்.

— கண்ணு உனக்கு நல்லாத்தான் இருக்கு.

— விளையாடாதீங்க பெரியப்பா. நாளைக்கு உதியன்குளங்கரையில கடைத் திறப்பு. அந்த வேன்தான் முன்னால வந்து நிக்கணும். பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரைக்கும் உள்ள நம்ம ஆளுக எல்லாரும் வருவாங்க. அஞ்சாவது திரியை வரைய வச்சது யாருன்னு கேக்காம இருப்பாங்களா? இப்பவே கேக்குதாங்க.

— அந்தத் திரி யாருக்குள்ளதுன்னு உனக்குத் தெரியுமா?

— தெரியாம என்ன. தாத்தாவுக்குப் பிள்ளைங்க அஞ்சு. அதனால அஞ்சு திரி வச்சு மார்க்கு உண்டாக்கினாரு. பிறகு அவங்க பெருங்கடவிளைக்குப் போனதும்...

— அவங்க இல்ல. அத்தை. பேரு பிச்சம்மாள். எங்க நாலு ஆணுக்கும் இளையவ. நம்ம கூட்டத்தில இல்லாத ஒரு வாத்தியாரைக் கல்யாணம் செய்துட்டுப் போனா. எனக்க அப்பா மறுநாள் அச்சாபீசுக்குப் போனாரு. லேபிள் அடிக்கிற பிளாக்கை எடுத்து மேசையில வச்சு, வலது ஓரத்துத் திரியை அரம் போட்டுத் தேச்சாரு. நான் வெளிய காரில இருந்தேன். தேய்க்கிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்டுது. முழுசாத் தேய்க்கல்ல. அடியில ஒரு துளி நிக்கும்போதே அரத்தைக் கீழ வச்சுட்டாரு.

— ஏன்?

— நான் கேக்கல்ல. அவரும் சொல்லல்ல. அது பிறகு அடிச்ச எல்லா லேபிளிலயும் விழுந்தது.

— அந்தக் கறுப்புத் துளியா? அச்சு மை சிந்தினதுன்னுல்லா நாங்க நினைச்சோம்.

— உள்ளங்கை அளவு லேபிளில அது மைதான். பெருசாக்கும்போதுதான் வந்துது சங்கடம். அச்சாபீசும் இல்ல, பிளாக்கும் இல்ல. கையில உள்ளது பழைய லேபிள் ஒண்ணு. சத்தியதாஸ் அதை ஸ்கேன் செய்து திரையில பெருசாக்கிக் காட்டினான். விளக்குக்க ஓரம் எல்லாம் உடைஞ்சு, செங்கல் அடுக்கினாப்புல கட்டம் கட்டமா நின்னுது. இதை வேனில ஒட்டினா பாக்கக் கொள்ளாது, புள்ளி வச்சுக் கோடா வரைஞ்சு எடுக்கணும், அப்படி எடுத்தா வீட்டுச் சுவர் அளவுக்கு இழுத்தாலும் உடையாதுன்னான். வரைன்னேன்.

— அதை மிஷின் தானா வரையாதோ?

— ஒரு தடவை தானா வரைய விட்டுப் பாத்தாங்க. தண்டு புழு அரிச்ச மாதிரி வந்துது. அதை அழிச்சுப்போட்டு, பிரேமகுமாரி லேபிள் படத்தை அடியில வச்சு, அதுக்கு மேல தன் கையால கோடு இழுத்தா. தண்டு, தட்டு, நாலு திரி. நல்ல பொறுமை அந்தப் பிள்ளைக்கு. மஞ்சு அவளுக்குச் சாயா வாங்கிக் கொடுத்தா. பிறகு அவ அந்தத் துளிக்கிட்ட வந்து நின்னுட்டா.

— அவளே திரின்னு நினைச்சு வரைஞ்சிருப்பா. குத்துவிளக்குன்னா அஞ்சு திரிதானே. அப்பா சொல்லிவிட்டதும் அதாக்கும், பெரியப்பா. கம்ப்யூட்டரில வந்த தப்புன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ஒவ்வொரு திரியும் தனித்தனித் துண்டாத்தானே ஒட்டியிருக்கு. நான் இப்பவே போய் அந்த ஒண்ணை மட்டும் உரிச்சு எடுத்திடுவேன். நாளைக்கு நாலு திரியோட வேன் வரும். யாருக்கும் குறைச்சல் இல்ல.

— பிளேடு கொண்டு வந்திருக்கியா?

— பாக்கெட்டில உண்டு.

— அது அங்கேயே இருக்கட்டும். அவ தானா வரையல்ல. என்னைப் பாத்துக் கேட்டா. ‘சாரே, இது அழுக்கா, திரியா?’ன்னு. எதுவானாலும் இருக்கிறது போல வரைன்னேன். முடியாதுன்னா. ஸ்டிக்கர் வெட்டுற மிஷினுக்கு ஓரம் தெளியாம மங்கலா நிக்கிற ஒண்ணைத் தெரியாதாம். கத்தி ஓரத்தைப் பிடிச்சுத்தான் போகுமாம். ஒண்ணு முழுத் திரியா வரையணும், இல்லைன்னா துடைச்சு எடுக்கணும். ரெண்டுக்கும் இடையில நிக்க வழியில்லன்னு சொல்லிட்டா.

— நீங்க என்ன சொன்னீங்க?

— சாயாவைக் குடின்னு சொல்லிட்டு வெளிய வந்து நின்னேன். கொஞ்ச நேரம்.

— அப்போ செரிதான். ஊரு சொல்லுறது அந்த நேரத்தைத்தான்.

— ஊரு என்ன சொல்லுது? முழுங்காம சொல்லு.

— நீங்க வெளிய நின்ன நேரத்தில அத்தை பின்வாசல் வழியா கடைக்குள்ள வந்தாங்களாம். அந்தப் பிள்ளைக்க கையைப் பிடிச்சுக் கெஞ்சி, திரியை வரைய வச்சாங்களாம். நீங்க கவனிக்காம ஸ்டிக்கரை வாங்கிட்டு வந்துட்டீங்களாம். சித்தப்பாமாரு வீட்டில இதே பேச்சுதான். வயசு காலத்தில அவளுக்கு நாணம் கெட்டுப்போச்சுன்னு சிரிக்குதாங்க.

— தாணுவும் சிரிச்சானா?

— ...அப்பாவும்தான்.

— சத்தியதாஸ் கடைக்குப் பின்வாசல் இல்ல. பின்னால கிடக்கிறது தோடு, ஓடுற தண்ணி. அதைப் போய்ப் பாக்க ஒருத்தனுக்கும் காலு இல்லாமப் போச்சா?

— நான் கேட்டதைச் சொன்னேன், பெரியப்பா.

— செரி. பிளேடை எடுத்து மேசையில வை, மக்கா.

— வச்சுட்டேன்.

— சாவி ஆணியில தொங்குது. வேனை எடு. நான் முன்னால இருந்துக்கிடுவேன்.

— இப்ப எங்க?

— பெருங்கடவிளைக்கு. நாளைக்குக் கடைத் திறப்புக்கு அவளையும் வாத்தியாரையும் விளிக்கணும். மூத்தவன் நேரில வீடேறிப் போய் விளிக்கணும். அதாக்கும் நம்ம முறை. காப்பி குடிச்ச டம்ளரை உள்ள வச்சுட்டு வா.

— பெரியப்பா, அந்த வேனிலயா? அஞ்சு திரியும் வச்சுக்கிட்டா?

— பின்ன வேற எந்த வேனு இருக்கு நமக்கு?

— அப்பாகிட்ட நான் என்ன சொல்லட்டு? வழியில அவரு கடைக்கு முன்னாலதானே போகணும்.

— நிறுத்து. நிறுத்தி, நான் சொல்லுறதை அப்படியே சொல்லு. கம்ப்யூட்டர் தப்பு செய்யல்ல. பிச்சம்மாள் அந்தக் கடைக்கு வரல்ல, திரி விசயம் இந்த நிமிசம் வரைக்கும் அவளுக்குத் தெரியாது. வரைன்னு சொன்னது நான்.